மானியத்தைப் பார்ப்பதா, சந்தையைப் பார்ப்பதா? அங்ககச் (ஆர்கானிக்) சான்றுக்கு மாறுகிறவருக்கு நான்கு வழிகள்

“இரண்டரை ஏக்கர் நஞ்சை. யூரியாவை நிறுத்தி இரண்டு போகம் ஆகிறது. சான்று வாங்கினால் அரசாங்கம் பணம் தருகிறதாமே, எந்தத் திட்டத்தில் சேரட்டும்?” நாற்றுவிடும் பருவம் நெருங்கினால் இந்தக் கேள்வி ஏழெட்டு விதமாக என்னிடம் வந்துவிடும். ஊர் மாறும், பயிர் மாறும், ஏக்கர் மாறும். தொகை மட்டும் எல்லாக் கேள்வியிலும் முன்னால் நிற்கும்.

எனவே தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரம்பரகத் கிருஷி விகாஸ் யோஜனா என்று மத்திய அரசு பெயரிட்டிருக்கும் பாரம்பரிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தில் ஆண்டுக்கு 4,000 ரூபாய், அதுவும் ஒரே ஒரு ஏக்கருக்கு. ஏற்றுமதி வரை செல்லுபடியாகும் என்.பி.ஓ.பி. (தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) சான்றை நீங்களே தனியாக எடுக்கப் போனால் பணம் உங்கள் மடியிலிருந்து போகும்.

இப்போது எதிர்ப்பக்கக் கணக்கு. 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மாறுகிற காலத்தில் ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் குறைந்ததென்று வையுங்கள். 12,500 ரூபாய் போயிற்று. அதற்கு எதிரே 2,000 அல்லது 4,000. விளைச்சல் இழப்பை மானியம் ஈடுகட்டும் என்று நம்பி இறங்குகிறவர் இரண்டாம் ஆண்டே உரக்கடைக்குத் திரும்பிவிடுகிறார். அந்த இழப்பை ஈடுகட்டக்கூடியவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற ஆள் ஒருவர்தான். அவர் எந்தக் காகிதத்தைக் கேட்கிறாரோ அதுவே உங்களுக்கான சான்று. அந்தச் சான்றுக்குக் கொண்டுசேர்க்கும் வழியே உங்களுக்கான திட்டம். விற்பனையில் தொடங்கி விண்ணப்பத்துக்கு வரவேண்டும். நம்மில் பெரும்பாலோர் விண்ணப்பத்தில் தொடங்கி, மூன்றாம் ஆண்டு அறுவடை முடிந்து களத்தில் நிற்கும்போதுதான் விற்பனையைப் பற்றி யோசிக்கிறோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தாள் போதும்.

யாருக்கு விற்பீர்கள்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குத்தான் என்றால் சான்றால் ஒரு ரூபாயும் கூடாது. அங்கே இயற்கை நெல்லுக்கும் ரசாயன நெல்லுக்கும் ஒரே விலை. பக்கத்து நகரத்தில் தெரிந்த ஐம்பது வீடுகள், சென்னையில் ஓர் இயற்கை அங்காடி, ஏற்றுமதி செய்யும் மஞ்சள் வியாபாரி என்று ஆளுக்கு ஆள் கேட்கும் காகிதம் வேறு.

நிலம் யார் பெயரில்? சான்று நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. குத்தகைக்காரர் மூன்று ஆண்டு பாடுபட்டு மண்ணைத் தேற்றிய பிறகு உரிமையாளர் நிலத்தை வாங்கிக்கொண்டால், அத்தனை ஆண்டும் உரிமையாளர் கணக்கில் சேரும்.

எவ்வளவு நிலம், சுற்றிலும் யார்? தனித்தீவாக ஒரு ஏக்கர் இருப்பதும், அண்ணன் தம்பி பங்காளிகள் சேர்ந்து பதினைந்து ஏக்கர் ஒரே திட்டாக இருப்பதும் ஒன்றல்ல.

மாடு உண்டா? சாணமும் கோமியமும் வீட்டிலேயே கிடைத்தால் ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் கூலிக்கணக்கோடு போகும். இல்லையென்றால் எருவுக்கும் வண்டிக்கும் கொடுத்தே மானியம் கரைந்துவிடும்.

வீட்டில் எழுதுகிறவர் யார்? இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். விதைத்த நாள், விதை வாங்கிய ரசீது, எந்த வயலுக்கு எத்தனை லிட்டர் மீன் அமிலம், எத்தனை மூட்டை அறுத்தது என்று பண்ணைப் பதிவேட்டை நாள்தோறும் எழுத ஒரு கை வேண்டும். பல வீடுகளில் பள்ளி இறுதி படிக்கும் பெண்தான் அந்தக் கை. அவள் கல்லூரி விடுதிக்குப் போனதும் பதிவேடு நின்றுவிடும்.

இன்னொன்று, சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. ஊரில் எல்லாவற்றையும் இயற்கை விவசாயம் என்றுதான் சொல்கிறோம். அலுவலகத்தில் ‘அங்ககம்’ வேறு, ‘இயற்கை’ வேறு. வெளியே வாங்கிய, அனுமதிக்கப்பட்ட இடுபொருள்களையும் பயன்படுத்தலாம் என்பது அங்ககம். பண்ணையிலேயே, மாட்டை நம்பி, வெளி இடுபொருள் வாங்காமல் செய்வது இயற்கை. கீழே வரும் முதலிரண்டு திட்டங்களின் வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது. அலுவலகத்தில் போய் ‘இயற்கை விவசாய மானியம்’ என்று மட்டும் கேட்டால், மேசையில் எந்தப் படிவம் மேலாக இருக்கிறதோ அது உங்கள் கைக்கு வரும்.

## வழி 1: பாரம்பரிய வேளாண் வளர்ச்சித் திட்டம்

2015-16-இல் தொடங்கியது. மத்திய அரசு அறுபது பங்கு, மாநில அரசு நாற்பது பங்கு. தொடங்கியபோது ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதில் 31,000 விவசாயிக்கு என்று இருந்தது. பழைய காணொளிகளில் இன்றும் அந்த எண்தான் சுற்றுகிறது. 2022-23 முதல் மொத்தமே 31,500 ரூபாய். அதில் இடுபொருளுக்காக உங்கள் கணக்குக்கு நேரே வருவது 15,000. விற்பனை, பை, முத்திரை, மதிப்புக்கூட்டல் வகைக்கு 4,500. சான்றுக்கும் நச்சு எச்சப் பரிசோதனைக்கும் 3,000. மீதி பயிற்சிக்கும் நிர்வாகத்துக்கும். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர்.

வடகிழக்கு மாநிலங்களில் ஹெக்டேருக்கு 46,500 ரூபாய் தருகிறார்களே என்று சிலர் செய்தித்தாள் நறுக்கோடு வருகிறார்கள். அது அந்த மாநிலங்களுக்கென்றே உள்ள தனித் திட்டம். நமக்கு இல்லை.

இது தனியாளுக்கான திட்டமும் இல்லை. குறைந்தது 20 ஹெக்டேர் கொண்ட தொகுப்பாகச் சேரவேண்டும். சான்று பெரும்பாலும் பி.ஜி.எஸ். என்னும் பங்கேற்பாளர் உத்தரவாத முறையில் வரும். வெளியூர் ஆய்வாளர் வருவதற்குப் பதிலாக, குழுவிலிருக்கும் விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். மாறும் காலத்தில் பச்சை முத்திரை, அது முடிந்ததும் அங்கக முத்திரை. உள்நாட்டில் விற்க அது சட்டப்படி செல்லும். 2017-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பி.ஜி.எஸ்., என்.பி.ஓ.பி. இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுமதிக்கு மட்டும் பி.ஜி.எஸ். செல்லாது.

இதன் பலம் எங்கே? சான்றுக் கட்டணம் உங்கள் கையைக் கடிக்காது. பயிற்சி உண்டு. தனியாக மாறுகிறவருக்கு இருக்கும் கேலி, ‘இவனுக்கு வேறு வேலை இல்லை’ என்ற பேச்சு, இருபது பேர் சேர்ந்து மாறினால் பாதியாகக் குறையும். இதை எந்த வழிகாட்டுக் குறிப்பிலும் எழுதமாட்டார்கள், ஆனால் முதல் ஆண்டைத் தாண்டவைப்பது இதுதான்.

மறைந்திருக்கும் செலவும் அதே குழுவில்தான் இருக்கிறது. ஒருவர் தவறினால் குழுவே சந்தேகத்தில் நிற்கும். எங்கள் குழுவில் இரண்டாம் ஆண்டு ஒருவர் வயலைப் பார்த்து எல்லாம் சரியென்று எழுதி, காப்பி குடிக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த இடத்துக்கு அருகிலேயே மாப்பிள்ளைச் சம்பா அடுக்கியிருந்தது, நீல எழுத்து போட்ட யூரியாப் பைகளில். “நான்கு முறை கழுவி வெயிலில் காயவைத்த பை, அண்ணே” என்றார். பொய் சொல்லவில்லை, எழுத்தே பாதி வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் உரப்பையில் அங்கக விளைபொருளை வைக்கக்கூடாது. நாங்கள் ஒன்பது பேர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் குழுவில் மூத்தவர், எனக்குச் சித்தப்பா முறை வேறு. கடைசியில் அந்தப் பதினொரு மூட்டையையும் சான்றில்லாத நெல்லாகப் பதிவேட்டில் எழுதினோம். அவர் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. சக விவசாயி ஆய்வு என்றால் காகிதத்தில் இனிமையாக இருக்கிறது. சொந்தத் தெருவில் அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். அந்தக் கண்டிப்பு இல்லாத குழுவின் சான்றைச் சந்தையும் ஓராண்டில் மோப்பம் பிடித்துவிடும்.

அடுத்த செலவு காலதாமதம். தக்கைப்பூண்டு விதையும் வேப்பம் பிண்ணாக்கும் ஆடியில் வாங்கவேண்டியிருக்கும். பணம் தையிலும் வரலாம், அதற்குப் பிறகும் வரலாம். கையிலிருந்து போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாதவர் இதை முதல் வரவாக எழுதிக்கொள்ளக்கூடாது.

## வழி 2: தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம்

முன்பு பாரம்பரியத் திட்டத்துக்குள்ளேயே ஒரு கிளையாக இருந்து, 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதலோடு தனியாக வந்தது. 2,481 கோடி ரூபாய், 15,000 தொகுப்புகள், 7.5 லட்சம் ஹெக்டேர், 10,000 உயிரி இடுபொருள் மையங்கள் என்று 2025-26 வரைக்குத் திட்டமிட்டார்கள். எனவே உங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்பதுதான் அலுவலகத்தில் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

விவசாயிக்குக் கிடைப்பது ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், இரண்டு ஆண்டு, ஒருவருக்கு ஒரு ஏக்கர் மட்டும். ஆக மொத்தம் 8,000. மாட்டைப் பராமரிக்கவும், கரைசல்கள் தயாரிக்கவும், பயிற்சிக்குப் போகவுமான ஊக்கத்தொகை அது. கூடவே ஊரிலேயே வழிகாட்ட இரண்டு ‘கிருஷி சகி’கள் தொகுப்புக்கு உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு. பாரம்பரியத் திட்டத்தில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஏக்கருக்கு 6,070 ரூபாய் அளவில் வரும். இயற்கை இயக்கத்தில் எத்தனை ஏக்கர் இருந்தாலும் 8,000-தான். இரண்டும் சமமாகும் இடம் ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். அதற்குக் கீழே நிலம் உள்ளவருக்கு இயற்கை இயக்கத்தில் கூடுதல். மேலே போகப்போகப் பாரம்பரியத் திட்டம் முந்தும். ஐந்து ஏக்கர்காரருக்கு 30,000 எதிரே 8,000. இரண்டிலும் ஒரே சர்வே எண்ணை எழுதிக்கொடுத்து இரண்டு பக்கமும் வாங்கலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஆதார் எண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதன் சிறப்பு, மாறிப்பார்க்க இது ஏற்ற வழி என்பதே. ஐந்து ஏக்கரில் ஒரு ஏக்கரை மட்டும் எடுத்து, தோற்றால் அதோடு தோற்றுப் பழகலாம். மாடு வைத்திருக்கும் குறு விவசாயிக்கும், தன் வீட்டு அரிசியும் காய்கறியும் நஞ்சில்லாமல் இருந்தால் போதும் என்பவருக்கும் நன்றாகப் பொருந்தும்.

குறை விற்பனையில். நகரத்து அங்காடிக்காரருக்கு அங்ககச் சான்று பழகியிருக்கிறது. ‘இயற்கை’ என்ற தனி முத்திரையைப் பார்த்தால், இதற்கு என்ன விலை போடுவது என்று இன்னும் தயங்குகிறார். சான்றை வைத்துக் கூடுதல் விலை கேட்பதுதான் நோக்கமென்றால் இது நேர்வழியாக இராது.

## வழி 3: என்.பி.ஓ.பி. சான்று, அரசுத் துறை மூலமோ தனியார் மூலமோ

தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள அபிடா என்னும் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் நடத்துவது. ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரை இதற்குரியது. மூன்றாம் ஆள் வந்து ஆய்வு செய்து தரும் சான்று. தமிழ்நாட்டில் அரசே ஒரு சான்றளிப்பு அமைப்பை வைத்திருக்கிறது: கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறை, அபிடாவின் அங்கீகாரம் பெற்றது. மாவட்டங்களில் விதைச்சான்று, அங்ககச்சான்று உதவி இயக்குநர் அலுவலகம் என்று பலகை இருக்கும். வேளாண்மைத் துறையின் வட்டார விரிவாக்க மையம் வேறு, இது வேறு, காய்கறிக்கும் பழத்துக்கும் தோட்டக்கலைத் துறை வேறு. இந்த மூன்றையும் ஒன்றென்று நினைத்து ஒரு வாரம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

ஆண்டுப்பயிர் என்றால் விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாறும் காலம். தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிர் என்றால் முதல் அங்கக அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு. விண்ணப்பத்தோடு சிட்டா, பண்ணை வரைபடம், மண், நீர் பரிசோதனை முடிவு, ஆண்டுப் பயிர்த்திட்டம், ஆதார், பான் அட்டை. அரசுத் துறையில் சிறு, குறு விவசாயிக்குக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். தனியார் நிறுவனத்தில் அதற்கு மேலே, ஆய்வாளரின் பயணச் செலவு உட்பட. சான்று ஓராண்டுக்குத்தான். ஒவ்வோர் ஆண்டும் ஆய்வு, ஒவ்வோர் ஆண்டும் கட்டணம். விற்கும் சரக்குக்குப் பரிமாற்றச் சான்று தனியாக. மாறும் காலத்தில் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும், ‘அங்ககம்’ என்று விற்கவும் முடியாது. மறைந்திருக்கும் செலவில் பெரியது அந்த இரண்டு மூன்று ஆண்டு காலம்தான்.

எப்போது இது தவிர்க்க முடியாதது? ஏற்றுமதியாளருக்கோ பெரிய நிறுவனத்துக்கோ விற்கும்போது. ஈரோட்டு மஞ்சள், முருங்கை இலைப்பொடி, பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய், மலைத்தோட்டத்து மிளகு போன்றவற்றுக்கு இந்தக் காகிதம் இல்லாமல் பேச்சே தொடங்காது. ஆனால் இங்கும் ஒரு வளைவு இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை என்.பி.ஓ.பி.க்குக் கொடுத்திருந்த ஏற்பை 2021-இல் விலக்கிக்கொண்டது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு அந்நாட்டு விதிப்படி தனிச் சான்று வேண்டும். ‘எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்கள்?’ என்று வியாபாரியைக் கேட்காமல் சான்று எடுத்தவர், இரண்டாவது சான்றுக்கும் பணம் கட்டியிருக்கிறார்.

தனியாக எடுப்பது கனமாக இருந்தால் குழுவாக எடுக்கலாம். 25 முதல் 500 பேர் வரை ஒரு குழுவாகி, உறுப்பினர் வயல்களைக் குழுவே கண்காணிக்கும் உள்கட்டுப்பாட்டு முறை வைத்துக்கொண்டால் செலவு பங்காகும். 2025 ஜனவரியில் வெளியான எட்டாம் பதிப்பு விதிகள் இந்தக் குழுக்களுக்குச் சட்டப்படியான தகுதியைக் கொடுத்திருக்கின்றன. ஏற்கெனவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நன்றாக நடக்கும் ஊரில் இதுதான் என் முதல் பரிந்துரை. ஒன்று மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: செலவை ஏற்கும் நிறுவனத்தின் பெயரில்தான் குழுச்சான்று வரும் என்றால், அவர்கள் விலை குறைத்தாலும் நீங்கள் அந்தச் சான்றைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போக முடியாது. இலவசமாகக் கிடைத்த சான்றின் விலை அதுதான்.

## வழி 4: சான்றும் வேண்டாம், மானியமும் வேண்டாம்

இதைச் சொன்னால் திட்ட அலுவலர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர், தன் விளைபொருளைச் சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் அங்ககச் சான்று கட்டாயமில்லை. அங்கக உணவுக்கான ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போட்டுக்கொள்ள மட்டும் முடியாது. கடைக்காரருக்குக் கொடுத்து அவர் விற்றால் இந்த விலக்கு நிற்காது.

தெரிந்த நாற்பது குடும்பம் மாதாமாதம் கருப்புக்கவுனியோ தூயமல்லியோ வாங்குமென்றால் எந்தக் காகிதமும் அதற்கு மேல் விலை வாங்கித்தராது. அவர்கள் நம்புவது உங்களை. வருடத்துக்கு ஒருமுறை வயலுக்கு அழைத்து வரப்பில் நடக்கவிட்டால் போதும். செலவு வேறு இடத்தில்: அரவை, பை, வண்டி, வாட்ஸ்அப்பில் நாள் முழுதும் பதில். அதை விவசாயத்துக்கு வெளியே இன்னொரு தொழிலாகவே எண்ணவேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பாரம்பரியத் திட்டம் | இயற்கை இயக்கம் | என்.பி.ஓ.பி. | நேரடி விற்பனை |
|---|---|---|---|---|
| கைக்கு வரும் பணம் | ஹெக்டேருக்கு 15,000, மூன்று ஆண்டில் | ஏக்கருக்கு 4,000 வீதம் இரண்டு ஆண்டு | இல்லை, கட்டணம் நீங்கள் கட்டவேண்டும் | இல்லை |
| உச்சவரம்பு | 2 ஹெக்டேர் | 1 ஏக்கர் | வரம்பில்லை | விற்றுமுதல் 12 லட்சம் |
| குழு | கட்டாயம் | தொகுப்பில் இருக்கவேண்டும் | தனியாகவும் முடியும் | தேவையில்லை |
| எங்கே விற்கலாம் | உள்நாட்டுச் சந்தை | அக்கம்பக்கம், உள்ளூர் | உள்நாடு, ஏற்றுமதி | சாப்பிடுகிறவருக்கு நேரடியாக |
| குத்தகைக்காரருக்கு | நீண்ட குத்தகை இருந்தால் | பரவாயில்லை | எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேண்டாம் | நன்று |
| கண்ணில் படாத செலவு | குழுச் சண்டை, தாமதம் | முத்திரைக்குச் சந்தையில் பழக்கமின்மை | ஆண்டுதோறும் கட்டணம், பரிமாற்றச் சான்று | உங்கள் நேரம் |

## எந்த வழியானாலும் போகும் காசு

தடுப்பு வரப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பக்கத்து வயலில் மருந்து அடித்தால் காற்றில் வந்து விழும் தூரத்தை விட்டுத்தான் உங்கள் அங்ககப் பயிர் தொடங்கவேண்டும். ஒரு ஏக்கரைச் சதுரமாக நினைத்துக்கொண்டு நான்கு பக்கமும் பத்தடி விட்டுப்பாருங்கள்: பதினெட்டு சென்ட் போய்விடும். அந்த இடத்தில் அறுப்பதைத் தனியாக, சான்றில்லாத சரக்காக விற்கவேண்டும். அகத்தி, சவுண்டல், ஆமணக்கு என்று எதையாவது வைத்து அதிலும் கொஞ்சம் எடுக்கலாம். நிலம் சிறியதாக ஆக இந்த இழப்பின் விகிதம் ஏறிக்கொண்டே போகும். துண்டு துண்டாக நான்கு இடத்தில் நிலம் வைத்திருப்பவர் இதைக் கணக்கிட்ட பிறகே மேலே படிக்கட்டும்.

டெல்டாவில் இதைவிடப் பெரிய தலைவலி தண்ணீர். வயல்விட்டு வயல் பாயும் பாசனத்தில் மேல்மடைக்காரர் போட்ட யூரியா உங்கள் மடைக்கு வந்துதான் தீரும். தலைமடையில் இருப்பவர் பாக்கியசாலி. கடைமடைக்காரர் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு குழி வெட்டி, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டு, தேங்கவிட்டு எடுக்கிறார்கள். ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் உண்டு. பதில் இல்லாமல் விண்ணப்பம் கொடுக்கவேண்டாம்.

பிறகு, பாதி நிலத்தில் ரசாயனமும் பாதியில் அங்ககமும் ஒரே நெல் ரகத்தில் வைத்தால் கலப்படச் சந்தேகம் நிச்சயம். ரகத்தையாவது மாற்றுங்கள். தெளிப்பான் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கக்கூடாது.

## இன்னாருக்கு இன்ன வழி

கடைமடையில் ஒன்றரை ஏக்கர், கோயில் நிலம், வாய்மொழிக் குத்தகை, கொள்முதல் நிலையத்துக்கே போடுகிறார்: இயற்கை இயக்கம் கிடைத்தால் ஒரு ஏக்கரைக் கொடுத்துப் பழகட்டும், சான்றுக்குச் செலவு செய்யவேண்டாம். கணக்குப்படி பாரம்பரியத் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் கூட வரும். நாளை நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவருக்கு மூன்று ஆண்டுக் கணக்கு உதவாது.

அண்ணன் தம்பிகளும் அக்கம்பக்கமும் சேர்ந்து ஐம்பது ஏக்கர் ஒரே மடையில், நகரத்து அங்காடி ஒன்று பேசியிருக்கிறது: சந்தேகமே இல்லாமல் பாரம்பரியத் திட்டம். ஐம்பது ஏக்கர் என்பது சரியாக அந்த 20 ஹெக்டேர்.

பத்து ஏக்கர் மஞ்சளோ தென்னையோ, கிணற்றுப் பாசனம், தன் பெயரில் பட்டா, வியாபாரி வாசலில்: முதல் நாளே என்.பி.ஓ.பி. மானியத்துக்காக மூன்று ஆண்டு பி.ஜி.எஸ். குழுவில் இருந்துவிட்டுப் பிறகு மாறலாம் என்ற யோசனை வரும். முந்தைய பதிவுகளைப் பார்த்து மாறும் காலத்தைக் குறைக்க விதியில் வழி இருக்கிறது, ஆனால் முடிவு சான்றளிப்பு நிறுவனத்தின் கையில். 30,000 ரூபாய்க்காக இரண்டு ஆண்டு ஏற்றுமதி விலையைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நகரத்துக்கு அருகில் இரண்டு ஏக்கர் காய்கறி, வாரச்சந்தையில் வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்: நான்காம் வழி. பக்கத்தில் குழு உருவானால் பி.ஜி.எஸ்.ஸில் பிறகு சேரலாம்.

முதலில் கேட்ட அந்த இரண்டரை ஏக்கர்காரருக்கு வருகிறேன். யூரியாவை நிறுத்தி இரண்டு போகம் ஆயிற்று என்கிறார். அந்த இரண்டு போகமும் இப்போதைக்குக் கணக்கில் இல்லை. மாறும் காலம் பதிவு செய்த நாளிலிருந்துதான் ஓடும், முன்பே நிறுத்தியதற்குக் கையில் ஆவணம் இருந்தாலொழிய. அவரிடம் விதை ரசீதும் இல்லை, பதிவேடும் இல்லை. எந்த அங்காடிக்காரரிடமும் இன்னும் பேசவுமில்லை. ஆடிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் சர்வே எண்களையும், கடைசியாக உரமிட்ட தேதியையும், தக்கைப்பூண்டு விதைத்த தேதியையும் எழுதச் சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு நகரத்தில் மூன்று கடைகளுக்குப் போய், ‘எந்தச் சான்று இருந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். விரிவாக்க மையத்துக்கு அதற்கடுத்த வாரம் போகலாம்.